குலைக்கு மருந்து, வேருக்கு வடிகால்

மைசூர் அரசு 1908-இல் கனடா நாட்டவரான லெஸ்லி கோல்மனைப் பயிர் நோய்களையும் பூச்சிகளையும் ஆராயும் பணியில் அமர்த்தியது. அவர் முன் வந்து நின்ற பெரிய வழக்கு மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களின் ‘கொளெரோகம்’. தென்மேற்குப் பருவமழை அடைத்துப் பெய்யும் மாதங்களில் பச்சைக் காய்கள் அழுகிக் கொட்டிவிடும். ஓராண்டு வருமானமே போய்விடும். மழை குலையில் படாதபடி ஓலையாலும் புல்லாலும் கூடு முடைந்து, மரம் மரமாக ஏறிக் கட்டுவதுதான் தோட்டக்காரர்கள் கண்டிருந்த வழி. ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரே நோய்க்குக் காரணம் என்று கோல்மன் 1910-இல் வெளியிட்ட அறிக்கையில் நிறுவினார். பிரான்சில் திராட்சைக்குப் பயன்பட்டுவந்த, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைப் பாக்குக் குலைக்குக் கொண்டுவந்தார். அடைமழையில் அது கழுவிக்கொண்டு போகாமலிருக்கப் பிசின் சேர்த்தார். நூறாண்டு கடந்தும், பருவமழைக்கு முன் ஒருமுறை, நாற்பது நாற்பத்தைந்து நாள் கழித்து மறுமுறை என்று அதே நீலக் கலவைதான் அங்கே தெளிக்கப்படுகிறது. இந்திய வேளாண் வரலாற்றில் இவ்வளவு சுத்தமான வெற்றிகள் அதிகமில்லை. ஆனால், அழுகல் என்றாலே மருந்து அடிக்க வேண்டியது என்ற எண்ணத்தையும் இந்த வெற்றிதான் வேரூன்றச் செய்தது என்பது என் கருத்து.

அதே தோட்டங்களில் இன்னோர் அழுகலும் இருந்தது. அது மண்ணுக்குள் நடப்பது. கன்னடத் தோட்டக்காரர்கள் அதை ‘அணபெ ரோகம்’, அதாவது காளான் நோய் என்றார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த மறுவருடம் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானனின் நூல் 1807-இல் வெளிவந்தது; இந்த நோயின் எழுத்துப் பதிவை ஆய்வாளர்கள் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். முதலில் அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும், பிறகு கொண்டை சிறுக்கும், தண்டின் அடியில் பழுப்புச் சாறு கசியும், கடைசியில் தூரில் கானோடெர்மா காளான் தலைகாட்டும். காளான் வெளியே தெரியும்போது மரத்தின் கதை முடிந்திருக்கும். இதற்குச் சொல்லப்பட்ட பரிகாரத்தில் மருந்து முதலிடத்தில் இல்லை. செத்த மரத்தைத் தூரோடும் வேரோடும் தோண்டி எடு, நோய் வேர்வழி பக்கத்து மரத்துக்குத் தாவாதபடி சுற்றிக் குழி வெட்டு, தேங்கும் நீரை வடியவிடு. மூன்றுமே மண்வெட்டி வேலை.

வடிகால் அவசியமாவதற்குக் காரணம் நீரின் இயல்பில் இருக்கிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணின் துளைகளை மழைநீர் நிரப்பிவிட்டால் வேருக்கு மூச்சு முட்டும்; நுனிகள் செத்து, அவற்றிலிருந்து சர்க்கரை கசியும். குலையில் மட்டுமல்ல, வேரிலும் புகக்கூடிய ஃபைட்டோப்தோராவின் வித்துகள் இரண்டு சவுக்கு இழைகளால் நீந்தி அந்தக் கசிவை நோக்கி வரக்கூடியவை. தேங்கிய நீர்தான் அவற்றுக்குப் பாதை. ஆக, கிருமி வந்து சேர்வதற்கு முன்பே பாதிக் கேடு நடந்திருக்கும். வெற்றிலைக் கொடிக்காலில் பாத்திக்குப் பாத்தி ஆழமாக வாய்க்கால் இழுக்கும் நம் விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைசூர் வெற்றிலைத் தோட்டக்காரருக்கும்தான்.

இதற்கு மறுப்பு உண்டு. காப்பர் ஆக்சிகுளோரைடைத் தூரில் ஊற்றுவதையும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை தரும் பூஞ்சையை இடுவதையும் வேளாண் பல்கலைக்கழகங்களே பரிந்துரைக்கின்றனவே, அவை வீணா? வீணில்லை. இன்னும் நோய் தொடாத வேரை அவை காக்கும். ஃபைட்டோப்தோராவுக்கு எதிராகச் செடிக்குள்ளேயே ஊடுருவிச் செல்லும் மருந்துகளும் இன்று உள்ளன. ஆனால் எதுவும் செத்த வேரை எழுப்பாது, நீர் நிற்கும் குழியில் காற்றையும் கொண்டுவராது. வடிகால் வெட்டிய பிறகு ஊற்றினால் அது மருந்து. அதற்கு முன் ஊற்றினால் செலவு. இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது: முன்னோருக்கு வடிகால் தெரிந்திருந்தது என்றால் அறிவியல் புதிதாக என்ன செய்தது? இரண்டு அழுகலையும் அது பிரித்துக் காட்டியது. கானோடெர்மா காளான், ஃபைட்டோப்தோரா காளானே அல்ல, பழுப்புப் பாசிகளின் உறவு. ஒன்றைத் தடுக்கும் மருந்து மற்றதைத் தொடாமல் போகலாம். விட்டுவைத்த பழைய தூர்தான் அடுத்த மரத்தின் எமன் என்பதையும் அறிவியலே உறுதிப்படுத்தியது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வடிகாலுக்கும் ஒரு விலை உண்டு. நீரோடு மேல்மண்ணும் எருவும் போய்விடும். மலைநாட்டார் அதை ஈடுகட்ட, ‘சொப்பின பெட்ட’ என்று தோட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட தழைக்காடுகளிலிருந்து ஆண்டுதோறும் இலைதழை கொண்டுவந்து போட்டார்கள். இப்போது பாக்கு மலையிறங்கி, நெல் விளைந்த சமவெளி வயல்களுக்கு வந்துவிட்டது. மழை அங்கே குறைவுதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சேறடித்து உழுத வயலின் அடியில் இறுகிய களிமண் தட்டு இருக்கிறது. நெல்லுக்கு நீரைத் தேக்கித் தர உருவாக்கியது அது. மலைச்சரிவில் தானே ஓடிய நீருக்கு இங்கே போக வழியில்லை. இந்த வயலில் பாக்கு நடுபவர் கன்று வாங்குவதற்கு முன், அந்தத் தட்டுக்கும் கீழே இறங்கும் வாய்க்காலுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.