ஃபாரமிரை ஏன் மாற்றினீர்கள்?

1957 செப்டம்பரில் ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மேன் என்ற அமெரிக்கர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து பேராசிரியர் ஜே.ஆர்.ஆர். டோல்கீனைச் சந்தித்தார். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் கடைசிப் பாகம் வெளிவந்து இரண்டு வருடங்கள்கூட ஆகவில்லை. அதற்குள் அதைப் படமாக்க ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. அக்கர்மேன் கொண்டுவந்திருந்த ஓவியங்கள் டோல்கீனுக்குப் பிடித்துப்போயின. மார்ட்டன் கிரேடி ஸிம்மர்மேன் எழுதிய கதைச் சுருக்கத்தைப் படித்தபோதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

1958 ஜூனில் அந்தச் சுருக்கத்துக்கு அவர் எழுதிய பதிலை, சினிமாவைப் பார்த்து வாசகன் எழுப்பிய முதல் ஆட்சேபம் என்றே நான் சொல்வேன். எழுதியவரே அங்கே மிகக் கடுமையான வாசகராக மாறிவிடுகிறார். காட்சி காட்சியாகப் பிரித்து, பக்க ஓரத்தில் சிவப்பு மையில் குறிக்கும் ஆசிரியரைப் போலக் குற்றங்களை அடுக்குகிறார். கதையில் மிக அபூர்வமாகவே பயன்படுத்தியிருந்த ராட்சதக் கழுகுகளை எதற்கெடுத்தாலும் வாகனமாக்கியிருந்தார் ஸிம்மர்மேன். தீய படையின் ஓர்க்குகளுக்கு அலகும் இறகும் முளைத்திருந்தன. எல்ஃப்கள் வழிப்பயணத்துக்குத் தரும் லெம்பாஸ் ரொட்டி, ஏதோ ஆய்வகத்துச் செறிவூட்டிய உணவாகிவிட்டது. போரோமிர் என்ற வீரனின் பெயர் ‘போரிமோர்’ ஆகியிருந்தது.

இதையெல்லாம்விட முக்கியமானது அவர் முன்வைத்த ஒரு கொள்கை. படத்துக்காகக் கதையைக் குறைப்பதில் அவருக்கு மறுப்பில்லை. வேண்டாத பகுதியை முழுதாக எடுத்துவிடுங்கள், எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நெரித்துச் சிதைக்காதீர்கள் என்பதே அவர் கட்சி. பின்னால் நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு இந்தக் கதையின் ரசிகர்கள் போட்ட சண்டைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும்.

அந்தப் படம் வரவில்லை. ஆனால் அமெரிக்காவில் புத்தகத்துக்கு ஒரு படையே திரண்டது. 1965-ல் ஏஸ் புக்ஸ் என்ற பதிப்பகம் டோல்கீனிடம் அனுமதி பெறாமல் 75 சென்ட் விலையில் மலிவுப் பதிப்பு போட்டது. அனுமதி பெற்ற பாலன்டைன் பதிப்பு 95 சென்ட். தமக்குக் கடிதம் எழுதிய அமெரிக்க வாசகர்களுக்கெல்லாம் டோல்கீன் பதில் எழுதினார். எது முறையான பதிப்பு என்று எடுத்துச் சொன்னார். அவர்கள் கடைகடையாகச் சொல்லி, நண்பர்களிடம் சொல்லி, ஏஸ் பதிப்பை ஒதுக்கிவைத்தார்கள். ஏஸ் கடைசியில் டோல்கீனுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அந்தப் பதிப்பை நிறுத்திக்கொண்டது. இருபது சென்ட் கூடக் கொடுத்து நியாயத்தை வாங்கிய மாணவர்கள் அவர்கள். கதைநாயகன் ஃப்ரோடோ உயிரோடிருக்கிறான் என்று சட்டையில் பட்டன் குத்திக்கொண்டும், சுரங்க ரயில் நிலையச் சுவரில் எழுதிவைத்தும் திரிந்த அந்தத் தலைமுறையிடம் இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்பது லேசான காரியமில்லை.

சினிமாக்காரர்கள் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவலின் பட உரிமை வில்லியம் ஸ்னைடர் என்ற தயாரிப்பாளரிடம் இருந்தது. 1966 ஜூன் 30-க்குள் வண்ணத்தில் ஏதாவது ஒரு படம் எடுத்துத் திரையிடாவிட்டால் ஒப்பந்தம் காலாவதி. உரிமையின் மதிப்போ ஏறிக்கொண்டே போகிறது. பிராக் நகரில் இருந்த ஜீன் டைட்ச் என்ற இயக்குநரைப் பிடித்து, ஒரே மாதத்தில் பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்றைத் தயாரிக்க வைத்தார். அதில் டிராகனின் பெயரே மாறியிருந்தது. நாவலில் இல்லாத இளவரசி ஒருத்தி வந்திருந்தாள். மன்ஹாட்டனில் ஒரு சிறிய திரையிடும் அறையை எடுத்தார்கள். தெருவில் போனவர்களை அழைத்து, ஆளுக்குப் பத்து சென்ட் இவர்களே கொடுத்து, அதையே நுழைவுக் கட்டணமாகத் திருப்பி வாங்கிக்கொண்டு, காசு கொடுத்துப் பார்த்தோம் என்று கையெழுத்தும் வாங்கினார்கள். உரிமை பிழைத்தது. ஸ்னைடர் அதைப் பிறகு நல்ல விலைக்கு விற்றார்.

1978 நவம்பரில் ரால்ஃப் பாக்ஷியின் அனிமேஷன் படம் வந்தது. நிஜ நடிகர்களை நடிக்கவைத்துப் படம்பிடித்து, அதன்மேல் வரைந்து எடுத்த படம். பாக்ஷி டோல்கீனை மதித்தவர். பல இடங்களில் கதையோடு ஒட்டியே போனார். ஆனால் போரோமிர் வைக்கிங் வீரனைப்போலக் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு வந்தான். மந்திரவாதி சாருமான் சில இடங்களில் ‘ஆருமான்’ ஆனார். உச்சமாக, கதையின் நடுவில் வரும் ஹெல்ம்ஸ் டீப் போர் முடிந்ததும் படம் நின்றுவிட்டது. இது முதல் பாகம் என்று விளம்பரத்திலோ தலைப்பிலோ சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள், அழிக்கப்படவேண்டிய மோதிரம் எரிமலைக்கே போய்ச் சேராமல் விளக்கு போட்டதும் ஏமாந்துபோனார்கள். இரண்டாம் பாகம் வரவே இல்லை.

அந்தப் படம் பார்த்தவர்களில் நியூசிலாந்துப் பையன் ஒருவனும் உண்டு. பார்த்த கையோடு புத்தகத்தை வாங்கி, வெலிங்டனிலிருந்து ஆக்லாந்து போகும் நீண்ட ரயில் பயணத்தில் படித்தான். பீட்டர் ஜாக்சன். இருபது வருடம் கழித்து அவர் இயக்குநராக வந்து நின்றபோது, மிராமாக்ஸ் நிறுவனம் மூன்று பாக நாவலை ஒரே படமாகச் சுருக்கச் சொன்னது. அவர் மறுத்து வெளியேறினார். இரண்டு படத் திட்டத்தோடு போன அவரிடம் நியூ லைன் நிறுவனத்தின் பாப் ஷேய், இரண்டு படம் எதற்கு, நாவல் மூன்று பாகமல்லவா என்று கேட்டது இன்று சினிமா வரலாற்றில் ஒரு கதையாகவே ஆகிவிட்டது.

1998 ஆகஸ்டில் படம் அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே ஜாக்சன் செய்த காரியம் புதிது. இணையத்தில் ரசிகர்களிடம் கேள்விகளை அனுப்பச் சொல்லி, அவற்றிலிருந்து இருபதைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதினார். எது வரும், எது போகும், ஏன் என்று படப்பிடிப்புக்கு ஒரு வருடம் முன்பே விளக்கினார். புத்தகத்துக்குப் படம் வரைந்து வாசகர்கள் மனதில் இடம்பிடித்திருந்த ஆலன் லீ, ஜான் ஹவ் இருவரையும் நியூசிலாந்துக்கு அழைத்து, கதை நடக்கும் மத்திய உலகை வடிவமைக்கச் சொன்னார். மாட்டமாட்டா ஊரின் ஒரு பண்ணையில், கதையின் குள்ள மனிதர்களான ஹாபிட்டுகளின் ஊரைக் கட்டி, படப்பிடிப்புக்கு ஒரு வருடம் முன்பே காய்கறியும் பூச்செடியும் நட்டு வளரவிட்டார்கள். அதனால்தான் அந்த ஊரில் பல தலைமுறையாக ஆட்கள் வாழ்வதுபோல இருக்கிறது.

ஆனாலும் புயல் வந்தது. லிவ் டைலர் நடிக்கும் ஆர்வென் வாளெடுத்து ஹெல்ம்ஸ் டீப் போரில் சண்டை போடப்போகிறாள் என்று செய்தி கசிந்தது. புத்தகத்தில் காதலன் அரகோர்னுக்காகத் தன் அமரத்துவத்தையே விட்டுக்கொடுத்து, வீட்டில் காத்திருப்பவள் ஆர்வென். அவளை ஸீனா என்ற தொலைக்காட்சி வீராங்கனையோடு சேர்த்து ‘ஸீனார்வென்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள் ரசிகர்கள். போர்க்களத்தில் ஆர்வென் வரும் காட்சிகள் சில எடுக்கப்பட்டும் இருந்தன. அவை படத்தில் இடம்பெறவில்லை. அவளுடைய வீரம் அவள் தேர்ந்தெடுத்த வாழ்வில் இருக்கிறது, கையில் வாள் தேவையில்லை என்ற இடத்துக்குத் திரைக்கதை திரும்பியது. ரசிகர்களின் எதிர்ப்பால் படம் நன்மை அடைந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2001 டிசம்பரில் முதல் படம் வந்தபோது டாம் பாம்படில் இல்லை. காட்டுக்குள் பாட்டுப் பாடித் திரியும், மோதிரமே தீண்ட முடியாத அந்த விந்தை மனிதர் அடியோடு விடப்பட்டிருந்தார். வருத்தப்பட்டார்கள். ஆனால் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். அவர் சிதைக்கப்படவில்லை, சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். அவரவர் மனதில் இருந்த பாம்படில் அப்படியே இருந்தார்.

அடுத்த வருடம் ‘தி டூ டவர்ஸ்’ வந்தபோது கதை வேறு.

புத்தகத்தில் ஃபாரமிர், போரோமிரின் தம்பி. அண்ணன் மோதிரத்தின் ஆசைக்கு அடிபணிந்து விழுந்தவன். அதே மோதிரம் தம்பியின் கைக்கெட்டும் தூரத்தில், ஃப்ரோடோ, சாம் என்ற தற்காப்பில்லாத இரண்டு ஹாபிட்டுகளிடம் இருக்கிறது. சாம் வாய்தவறி உண்மையை உளறியும் விடுகிறான். ஃபாரமிர் எழுந்து நிற்கிறான். படிக்கிறவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. பிறகு அவன் அமைதியாக உட்கார்ந்து, அதைத் தொட மறுத்து, உணவு கொடுத்து அவர்களை வழியனுப்புகிறான். அண்ணனால் முடியாததைத் தம்பி செய்தான். நாவல் முழுக்க இருள் கூடிக்கொண்டே வரும்போது, மனிதன் நல்லவனாகவும் இருக்க முடியும் என்று காட்டும் இடம் அது.

படத்தில் ஃபாரமிர் அவர்களைக் கைதிகளாக ஆஸ்கிலியாத் நகருக்கு இழுத்துப்போகிறான், தந்தையிடம் மோதிரத்தைக் காணிக்கையாக்க. கடைசி நிமிடத்தில்தான் மனம் மாறுகிறான். திரைக்கதை எழுதிய ஃப்ரான் வால்ஷும் ஃபிலிப்பா போயன்ஸும் சொன்ன காரணத்தில் நியாயம் உண்டு: இரண்டு படமாக மோதிரத்தின் பயங்கரத்தைக் கட்டி எழுப்பிவிட்டு, ஒருவன் வந்து எனக்கு வேண்டாம் என்று சொன்னால், பார்க்கிறவனுக்கு மோதிரத்தின் மேலிருந்த பயமே போய்விடும் என்றார்கள். சினிமாவுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் வாசகர்கள் ஃபாரமிரை இழந்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். தன் பாத்திரங்களில் தன்னைப்போல் யாராவது உண்டென்றால் அது ஃபாரமிர் என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தன்னைத் துரத்திய ஒரு பேரலைக் கனவைக்கூட அவனுக்குத்தான் கொடுத்தார். ஆஸ்கிலியாத் காட்சியில் சாம், நியாயப்படி நாம் இங்கே இருக்கவே கூடாது என்ற பொருளில் பேசும்போது, திரைக்கதையே தன் விலகலை ஒப்புக்கொள்கிறது என்று ரசிகர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

நீண்ட பதிப்பு டிவிடியில் வந்தபோது ஒரு பிளாஷ்பேக் சேர்ந்திருந்தது: தந்தை டெனதோர் அண்ணனைக் கொண்டாடி, தம்பியை அவமதிக்கும் காட்சி. மோதிரத்தைக் கொண்டுபோக ஃபாரமிர் ஏன் துடித்தான் என்பது அதில் புரிந்தது. கோபம் முழுதாகத் தணியவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை ஒன்று நடந்தது.

2003-ல் மூன்றாவது படத்திலிருந்து சாருமானின் முடிவு வெட்டப்பட்டது என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ அந்தப் படக்குழுவில் டோல்கீனை நேரில் சந்தித்த ஒரே ஆள். ஆண்டுதோறும் நாவலைப் படித்தவர். மனம் நொந்து வெளியீட்டு விழாவுக்கே அவர் போகவில்லை. காட்சி அடுத்த வருடம் நீண்ட பதிப்பில் திரும்பி வந்தது. அதே நீண்ட பதிப்புகளின் இறுதியில் அதிகாரபூர்வ ரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் நிமிடக்கணக்கில் ஓடுகின்றன. படம் எடுத்தவர்களின் பட்டியலுக்குப் பின்னால் படித்தவர்களின் பட்டியல்.

இந்த உறவின் இனிய பக்கத்தையும் சொல்லவேண்டும். முதல் படத்தில் எல்ஃப் தலைவர் எல்ராண்டின் சபையில் ஓர் எல்ஃப் சில விநாடிகள் தெரிவான். வசனம் கிடையாது. ஃப்ரோடோ பிரமாதம் என்று பாராட்டத் தொடங்கி, பாதியில் கண் அவன்மேல் போய் ‘அது யார்?’ என்று கேட்ட ரசிகைகள், அந்த வாக்கியத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அவனுக்கு ‘ஃபிக்விட்’ என்று பெயர் வைத்தார்கள். நடித்தவர் பிரெட் மெக்கென்ஸி. மூன்றாவது படத்தில் ஜாக்சன் அவரைத் திரும்ப அழைத்து, ஆர்வெனிடம் பேச வசனமும் கொடுத்தார்.

2004 பிப்ரவரி 29 அன்று மூன்றாவது படம் பரிந்துரைக்கப்பட்ட பதினொரு ஆஸ்கார்களையும் வென்றது. ஆனால் டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் கடைசிவரை சமாதானமாகவில்லை. தந்தையின் காகிதக் குவியலைப் பதிப்பிக்கவே வாழ்நாளைக் கொடுத்தவர் அவர். 2012-ல் ‘லெ மோந்த்’ நாளிதழுக்கு அளித்த பேட்டியில், இளவட்டங்களுக்கான சண்டைப் படமாக நூலை ஆக்கிவிட்டார்கள் என்று வருந்தினார். கொண்டாடிய லட்சக்கணக்கானோர் நடுவே அந்த ஒரு மறுப்புக்கும் மரியாதை உண்டு.

அதே 2012-ல் ஜாக்சன் ‘தி ஹாபிட்’ நாவலுடன் திரும்பினார். ஒரே புத்தகம், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் ஒரு பாகத்தைவிடவும் மெலிந்தது. இரண்டு படமாக இருந்த திட்டம் ஜூலையில் மூன்றானது. புத்தகத்தில் இல்லாத டாரியல் என்ற எல்ஃப் பெண் வந்தாள். அவளுக்கும் ஒரு ட்வார்ஃபுக்கும் காதல் வந்தது. இப்போது ரசிகர்களின் குறை நேர் எதிர்த் திசையில்: விட்டதற்காக அல்ல, சேர்த்ததற்காக. இந்த முறை மனு போட்டுக்கொண்டு நிற்கவும் இல்லை. மூன்றாம் படம் வந்து சில வாரங்களில், 2015 ஜனவரியில், பெயர் சொல்லாத ஒரு ரசிகர் மூன்று படங்களையும் வெட்டி ஒட்டி, சுமார் நாலரை மணி நேரப் படம் ஒன்றாக்கி இணையத்தில் வைத்தார். வயதான பில்போ வரும் முன்னுரை போனது. டோல் குல்டூர் கிளைக்கதை போனது. டாரியலின் காதல் போனது. வீட்டை விட்டுக் கிளம்பத் தயங்கி, பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்ட பில்போ பாகின்ஸ் மறுபடியும் கதைநாயகன் ஆனான்.

(தொடரும்)