பிரான்ஸுக்கு ஒரே டெஷாம்... இந்தியாவுக்கு 5 பேர்! கால்பந்து பயிற்சியாளர்கள் மாறிய கதை

உலகக் கோப்பை வந்தாலே புதுச்சேரியில் பிரான்ஸ் அணிக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு. பிரெஞ்சு குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் வாழும் ஊராச்சே! அந்த அணிக்கு 2012-ல் தலைமைப் பயிற்சியாளரானவர் டிடியே டெஷாம். 2018-ல் கோப்பையை வென்று கொடுத்தார். 2022 இறுதிப் போட்டியில் தோற்றார், ஆனாலும் பதவி போகவில்லை.

அதே 2012-ல் இந்திய அணிக்கு நெதர்லாந்தின் விம் கூவர்மான்ஸ் வந்தார். 2025 ஆகஸ்ட்டில் பொறுப்பேற்ற காலித் ஜமீல், அவரிலிருந்து எண்ணினால் ஐந்தாவது ஆள்.

ஒருவரையே நம்பிய காலம் நமக்கும் இருந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950-ல் இந்திய அணியைக் கையில் எடுத்தார். 1951 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா இறுதிப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மீண்டும் தங்கம். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. அஜய் தேவ்கன் நடித்த 'மைதான்' இவர் கதைதான். ஆசிய விளையாட்டு கால்பந்தில் அதன்பிறகு இந்தியா தங்கமே வாங்கவில்லை.

அப்புறம் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பி.கே. பானர்ஜி காலத்தில் 1970-ல் வெண்கலம் கிடைத்தது. இங்கிலாந்தின் பாப் ஹாட்டன் 2011 ஆசியக் கோப்பைக்கு அணியைக் கொண்டுபோனார். இன்னொரு இங்கிலாந்துக்காரர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், 173-வது இடத்தில் கிடந்த அணியை 2017-ல் 96-க்கு உயர்த்தினார்.

சிக்கல் கடைசி இரண்டு வருஷத்தில்தான். குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச் 2023-ல் தெற்காசியக் கோப்பையை வென்றார், ஒப்பந்தமும் 2026 வரை நீண்டது. ஆனால் உலகக் கோப்பை தகுதிச்சுற்றில் அணி வெளியேற, 2024 ஜூனில் நீக்கினார்கள். அடுத்து ஸ்பெயினின் மனோலோ மார்க்கேஸ். முதல் வருஷம் எஃப்சி கோவாவுக்கும் அவரேதான் பயிற்சியாளர்! தேசிய அணி என்ன பகுதிநேர வேலையா? 8 ஆட்டத்தில் ஒரே வெற்றி, 2025 ஜூலையில் விலகினார்.

13 வருஷத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த முழுநேர இந்தியர் காலித் ஜமீல். முதல் தொடரிலேயே ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். ஆனால் அக்டோபரில் கோவா மண்ணிலேயே சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோல்வி. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் அதோடு போச்சு.