"ஆள் பார்க்க சரியில்லை டாக்டர்": ஒரு நர்ஸின் பதிலும் மூன்று சூட்கேஸ்களும்

இன்றைக்கு ஒரு ஃபோன் காலில் இருந்து ஆரம்பிக்கலாம்.

ராத்திரி இரண்டு மணி. வார்டில் ஒரு நோயாளி. பிபி நார்மல், பல்ஸ் நார்மல், காய்ச்சல் இல்லை. ஆனாலும் அங்கே ட்யூட்டியில் இருக்கிற சீனியர் நர்ஸ் டாக்டருக்கு ஃபோன் போட்டு, "ஒரு தடவை வந்து பார்த்துடுங்க" என்கிறார். "ஏன், என்ன ஆச்சு?" "தெரியலை டாக்டர். ஆள் பார்க்க சரியில்லை."

இது ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் நடந்த தனிச் சம்பவம் இல்லை. உங்க வீட்டில் யாராவது நர்ஸாக இருந்தால் கேட்டுப் பாருங்க, இதே மாதிரி நாலு கதை வரும். விஷயம் என்னன்னா, "ஆள் சரியில்லை" என்பதை எழுத கேஸ் ஷீட்டில் கட்டம் கிடையாது. எண்ணுக்குக் கட்டம் உண்டு. மருந்துக்கு உண்டு. இதுக்கு இல்லை. அப்போ அந்த நர்ஸ் சொன்னது தகவலா, வெறும் பயமா? டாக்டர் எழுந்து வரணுமா, வேண்டாமா? ஒரு உயிர் இதில் தொங்கிக்கிட்டு இருக்கலாம்.

"ஒருத்தர் தன் அனுபவத்தை உள்ளே இருந்து சொல்வதையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு முறை இருக்கு" என்ற எண்ணத்துக்கு நூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு உண்டு. பேர், ஃபினாமினாலஜி. தமிழில் தோற்றப்பாட்டியல் என்று எழுதுகிறார்கள். பேரைக் கேட்டு ஓடிடாதீங்க. இதை ஆரம்பித்தவர் நம்ம ஆள்தான், கணக்கு படித்தவர்.

எட்மண்ட் ஹுஸ்ஸர்ல். 1859-ல் அன்றைய ஆஸ்திரியப் பேரரசில், மொராவியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வியன்னாவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, அப்புறம் தத்துவத்துக்குத் தாவினார். அந்தக் காலத்தில் மனசைப் பற்றிய ஆராய்ச்சி பெரிய ஃபேஷன். 1879-ல் லைப்ஸிக் நகரில் வுண்ட் ஒரு உளவியல் ஆய்வுக்கூடமே திறந்துவிட்டார். விளக்கு எரிந்ததும் பட்டனை அழுத்த எத்தனை நொடி ஆகுது என்ற மாதிரி அளவீடுகள். ஹுஸ்ஸர்லுக்கு இதில் ஒரு குறை தெரிந்தது. அனுபவத்துக்குக் காரணம் தேடி எல்லோரும் ஓடுகிறார்கள், அந்த அனுபவம் எப்படி இருக்கு என்று முதலில் யாரும் ஒழுங்காக எழுதவே இல்லையே!

அவர் எடுத்த பிரபலமான உதாரணம், ஒரு மெட்டு. பாட்டு கேட்கும்போது ஒரு கணத்தில் காதில் விழுவது ஒரே ஒரு ஸ்வரம்தான். ஆனால் நமக்குக் கேட்பது தனித்தனி ஸ்வரங்கள் இல்லை, மெட்டு. அப்படின்னா இப்போதுதான் கடந்துபோன ஸ்வரம் இன்னும் ஏதோ ஒரு விதத்தில் கூடவே இருக்கு. வரப்போகிற ஸ்வரத்தையும் ஏற்கெனவே எதிர்பார்க்கிறோம். பாடுகிறவர் சுருதி தப்பினால் சட்டென்று முகம் சுளிக்கிறோமே, அதுக்குக் காரணம் அந்த எதிர்பார்ப்புதான். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், கேட்பதை உன்னிப்பாக விவரித்தாலே போதும் என்றார்.

இதுக்கு அவர் வைத்த விதி ஒன்று உண்டு. விவரிக்கும்போது, உனக்கு ஏற்கெனவே தெரிந்த விளக்கங்களை எல்லாம் கொஞ்ச நேரம் ஓரமாக வை. தப்பு என்று தூக்கிப் போடச் சொல்லவில்லை, ஓரமாக வைக்கச் சொன்னார். பக் ரிப்போர்ட் எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். "டேட்டாபேஸ் பிரச்சினைன்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பிக்கிற ரிப்போர்ட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. என்ன பண்ணினாய், திரையில் என்ன வந்தது, அதைச் சொல்லு.

அவருடைய சிஷ்யர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927-ல் இதை வேற பக்கம் திருப்பினார். உட்கார்ந்து ஒரு பொருளை உற்றுப் பார்ப்பது நம்ம வாழ்க்கையில் அபூர்வம்தானே? பெரும்பாலான நேரம் நாம் வேலை செய்துகொண்டு இருக்கிறோம். தச்சர் சுத்தியலால் அடிக்கும்போது சுத்தியலைக் கவனிப்பதில்லை, ஆணியையும் பலகையையும்தான் கவனிக்கிறார். சுத்தியலின் தலை கழன்று ஆடும்போதுதான் "சுத்தியல்" என்று ஒன்று கண்ணில் படுது. வைஃபை போனால்தானே வீட்டில் ரூட்டர் எங்கே இருக்குன்னு தேடுறோம், அந்த மாதிரி.

இந்த இடத்தில் கதை இருட்டாகுது. 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். பிறப்பால் யூதர் என்பதால் ஹுஸ்ஸர்லுக்குப் பல்கலைக்கழகக் கதவு சாத்தப்பட்டது. அதே வருஷம், அதே ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ரெக்டர் பதவியில் உட்கார்ந்தவர் ஹைடெக்கர். நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். குருவுக்குச் சமர்ப்பணம் செய்த தன் புத்தகத்தில் இருந்து அந்தச் சமர்ப்பணமே 1941 பதிப்பில் காணாமல் போனது. ஹைடெக்கரின் சுத்தியலை எடுத்துக்கிட்டு இதை மட்டும் சொல்லாமல் விடுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அனுபவத்தைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதினவருக்குப் பக்கத்தில் இருக்கிற மனுஷனின் அனுபவம் உறைக்கவில்லை.

ஹுஸ்ஸர்ல் 1938 ஏப்ரலில் இறந்தார். வீட்டில் அவர் விட்டுப்போனது சுமார் 40,000 பக்கம் கையெழுத்துப் பிரதி. அதில் பெரும்பகுதி சுருக்கெழுத்து. யூதர் எழுதினது. நாஜி ஜெர்மனியில் அதுக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஆகஸ்டில், முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு பெல்ஜியத் துறவி ஃப்ரைபர்க் வந்து இறங்கினார். ஹெர்மன் வான் ப்ரெடா, வயசு 27. ஏதோ சில காகிதங்களைப் புரட்டிப் பார்க்கலாம் என்று வந்தவர், நிலைமையைப் பார்த்ததும் எல்லாத்தையும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடிவு பண்ணினார். கடைசியில் மூன்று கனமான சூட்கேஸ்களில் பிரதிகளை அடைத்து, பெர்லினில் இருந்த பெல்ஜியத் தூதரகம் வழியாக, தூதரகப் பொருள் என்ற பாதுகாப்பில் லூவன் நகரம் கொண்டுபோய்ச் சேர்த்தார். தூதரகப் பெட்டியை எல்லையில் திறந்து பார்க்க முடியாது. பேக்கப் எடுக்கிறதைப் பற்றி நாம பேசுறோம், 27 வயசில் அவர் எடுத்த பேக்கப்பைப் பாருங்க! ஹுஸ்ஸர்லின் மனைவி மால்வினேவும் பெல்ஜியம் வந்து, போர் முடிகிற வரைக்கும் ஒரு கன்னியர் மடத்தில் மறைந்து வாழ்ந்தார்.

1939-ல் அந்தக் காகிதங்களைப் படிக்க லூவனுக்கு வந்த வெளிநாட்டவர்களில் ஒருவர் பிரான்ஸின் மெர்லோ-போன்டி. 1945-ல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் டைப்பிஸ்ட் ஒருவர் வருகிறார். எந்த எழுத்து எங்கே இருக்கு என்று அவரால் சொல்ல முடியாது, ஆனால் விரலுக்குத் தெரியும். நீங்களே சோதிச்சுப் பாருங்க: கீபோர்டைப் பார்க்காமல், 'வி' எழுத்துக்கு வலது பக்கம் எந்த எழுத்து? விரல் அசைஞ்சுதா இல்லையா? உடம்புக்குன்னு ஒரு அறிவு இருக்கு, அது வார்த்தையாக இல்லை என்பதுதான் மெர்லோ-போன்டி சொன்னது. தமிழில் பட்டறிவு என்று ஒரு சொல் இருக்கு இல்லையா, பட்டுத் தெரிந்துகொண்டது. அது இதுக்கு ரொம்பப் பக்கத்தில் வருது.

இனி அமெரிக்கா. 1960-களில் எம்.ஐ.டி.யில் தத்துவம் நடத்தினவர் ஹ்யூபர்ட் ட்ரைஃபஸ். அங்கே செயற்கை நுண்ணறிவு ஆட்கள், மனுஷ அறிவு என்பது விதிகளின் தொகுப்புதான், எல்லா விதியையும் எழுதிட்டால் மெஷினும் யோசிக்கும் என்று நம்பினார்கள். ஹைடெக்கரையும் மெர்லோ-போன்டியையும் படித்த ட்ரைஃபஸுக்கு இது உதைத்தது. 1965-ல் ராண்ட் நிறுவனத்துக்காக ஒரு அறிக்கை எழுதி, இந்தத் துறையை ரசவாதத்தோடு ஒப்பிட்டார். அதாவது ஈயத்தைத் தங்கமாக்கும் கதை. துறையில் இருந்தவர்கள் எவ்வளவு கடுப்பாகியிருப்பார்கள் என்று யோசிங்க. 1967-ல் மேக்ஹேக் என்ற செஸ் புரோகிராமிடம் அவரே தோற்றபோது அவர்களுக்குக் கொண்டாட்டம். செஸ் விஷயத்தில் மெஷினின் வேகத்தை அவர் குறைத்துத்தான் மதிப்பிட்டார். ஆனால் விதி எழுதிக்கிட்டே போனால் அன்றாட அறிவு வந்துடாது என்ற அவருடைய வாதம் நின்றுவிட்டது. இன்றைய மாடல்களும் விதி எழுதி உருவானவை இல்லையே.

ஹ்யூபர்ட்டும் தம்பி ஸ்டூவர்ட்டும் சேர்ந்து 1980-ல் அமெரிக்க விமானப்படைக்காக ஒரு அறிக்கை தந்தார்கள். திறமை எப்படி வளருது என்பதில் ஐந்து படிகள். கத்துக்குட்டிக்கு விதி வேணும்: இத்தனை வேகம் வந்தால் இந்த கியர். போகப் போக, இன்ஜின் சத்தமே சொல்லிடும். கைதேர்ந்தவர் விதியை வேகமாக ஓட்டுகிறவர் இல்லை, அவருக்கு நிலைமையே வேற மாதிரி தெரியுது. டிராஃபிக்கில் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்து போகிறவரிடம், காலை எத்தனை இன்ச் எடுத்தீங்கன்னு கேட்டால் என்ன சொல்வார்?

இங்கேதான் நர்ஸ்கள் வருகிறார்கள். பாட்ரீசியா பென்னர் நர்ஸாக வேலை பார்த்தவர், பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர். ட்ரைஃபஸும் அதற்குள் பெர்க்லிக்கு வந்திருந்தார். அந்த ஐந்து படிகளை பென்னர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் கொண்டுபோனார். அவர் கேட்ட விதம்தான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி. "நல்ல நர்ஸுக்கு என்ன தகுதி வேணும்?" என்று கேட்டால் எல்லோரும் பாடப்புத்தகத்தைத்தான் ஒப்பிப்பார்கள். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொன்னார். அன்றைக்கு என்ன நடந்தது, முதலில் எது கண்ணில் பட்டது, என்ன செஞ்சீங்க, அப்போ மனசில் என்ன ஓடிச்சு. சில இடங்களில் ஒரே சம்பவத்தைப் புது நர்ஸும் அனுபவசாலியும் தனித்தனியாகச் சொன்னார்கள். ரெண்டும் ஒரே ராத்திரிதானா என்று சந்தேகப்படும் அளவுக்கு வித்தியாசம். புதியவர் சொன்னதில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் இருந்தது. அனுபவசாலி சொன்னதில் நோயாளி இருந்தார்.

1984-ல் வந்த புத்தகத்தில், நர்ஸிங் வேலையில் 31 திறன்களை 7 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நர்ஸ்கள் சொன்ன சம்பவங்களோடு வைத்தார். அதுவரைக்கும் "டாக்டர் சொன்னதைச் செய்கிறவர்" என்று நினைக்கப்பட்ட வேலை அது. புத்தகத்தின் துணைத் தலைப்பிலேயே அதிகாரம் என்ற சொல்லை பென்னர் வைத்தது சும்மா இல்லை.

வேலை செய்யும் இடத்தில் யூசர் இன்டர்வியூ எடுக்கும்போது நானும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். "இந்த ஆப் எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்று முடிந்துபோகும். "கடைசியா எப்போ திறந்தீங்க, எங்கே உட்கார்ந்திருந்தீங்க?" என்றால்தான் கதை வரும்.

எதிர்ப்பும் வந்தது, வரவேண்டியதுதான். உள்ளுணர்வு என்று சொல்லிவிட்டால் யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் நியாயப்படுத்தலாமே, அனுபவசாலியும் தப்புப் பண்ணுவாரே என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம், மைக்கேல் க்ராட்டி 1996-ல் எழுதிய புத்தகத்தில், நர்ஸிங் ஆராய்ச்சியில் ஃபினாமினாலஜி என்ற பேரில் நடப்பது பெரும்பாலும் ஆட்களின் உணர்ச்சிகளைச் சேகரிப்பதுதான், ஹுஸ்ஸர்ல் கேட்டது அது இல்லை என்று பிடித்தார். எனக்கு இந்த இரண்டாவது விமர்சனம் நியாயமாகப் படுது. "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டு நாலு மேற்கோள் போட்டால் முடிந்தது என்று நினைக்கிற ரிப்போர்ட்கள் நம்ம துறையிலும் நிறைய.

அந்த ராத்திரி ஃபோன் காலுக்கு வருவோம். 1990-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் பதிவுகளைத் தோண்டியது. அவர்களில் 84 சதவீதம் பேருக்கு, அதுக்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளேயே நிலைமை மோசமானது பதிவாகியிருந்தது. அதாவது நேரம் இருந்தது. அதே காலகட்டத்தில் ஆஸ்திரேலியாவில், சிட்னியின் லிவர்பூல் ஆஸ்பத்திரியில், இதயம் நிற்கும்வரை காத்திருக்காமல் முன்னாடியே ஓடிவர ஒரு அவசரக் குழு அமைத்தார்கள். எப்போது கூப்பிடலாம் என்று ஒரு பட்டியல்: பல்ஸ் இத்தனைக்கு மேலே, பிபி இத்தனைக்குக் கீழே. கூடவே ஒரு வரி: எண்கள் எப்படி இருந்தாலும், இந்த நோயாளியைப் பற்றி உங்களுக்கு மிகவும் கவலையாக இருந்தால் கூப்பிடலாம். கேஸ் ஷீட்டில் இல்லாத அந்தக் கட்டம்! இது பென்னர் புத்தகத்தால் வந்தது என்று நான் கோடு போடமாட்டேன், ஆனால் ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் தொடுது. இந்தக் குழுக்களால் உயிரிழப்பு குறையுதா என்பது தனி விவாதம். 23 ஆஸ்திரேலிய ஆஸ்பத்திரிகளில் நடத்திய ஒரு பெரிய சோதனை 2005-ல் வந்தது. அதில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அப்புறம் நெதர்லாந்தில் ஒரு குழு, நர்ஸ்களின் இந்தக் கவலை எதனால் ஆனது என்று பிரித்துப் பார்க்கக் கிளம்பியது. 2015-ல் வெளியான அவர்களுடைய தொகுப்பு ஆய்வு 10 அறிகுறிகளாக அதைச் சுருக்கியது. மூச்சு மாறுவது, நடுக்கம், நோயாளியின் படபடப்பு, "எனக்கு என்னமோ பண்ணுது" என்று அவரே சொல்வது, இப்படி. எல்லாமே கட்டம் போட்டு டிக் அடிக்கக்கூடியவை. பத்தில் ஒன்று மட்டும் வேற மாதிரி. காரணம் சொல்ல முடியாமல் தெரிந்திருப்பது. அதையும் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள்.