கருவி ஏந்திய மகளிர்

மேடையில் ஒரு பெண் பாடுவதை உலகம் நெடுங்காலமாகவே ஒப்புக்கொண்டு வந்திருக்கிறது. அவள் கையில் கிட்டாரையோ அவள் எதிரே தாளக் கருவிகளையோ காணத்தான் அதற்கு மனம் வரவில்லை. குரல் இயற்கை அளித்தது. கருவியோ பயிற்சியாலும் உடல் வலிமையாலும் கைவருவது, ஆதலின் அஃது ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் மேலைநாடுகளிலும் கீழைநாடுகளிலும் ஒருங்கே வேரூன்றியிருந்தது. இதனை எதிர்த்து மகளிர் மட்டுமே கூடி அமைத்த இசைக்குழுக்களின் வரலாறு நீண்டது. அவ்வரலாற்றில் ஒரு விந்தையும் உண்டு. தலைமுறைதோறும் புதிதாகத் தோன்றிய குழுவைக் கண்டு, 'இதுவே முதல்' என்று மக்கள் வியந்தார்கள். முன்னவர் பெயர் அதற்குள் மறைந்து போயிருந்தது. எதிர்ப்பைக் காட்டிலும் இந்த மறதியே அவர்களுக்கு நேர்ந்த பெரிய இடர் என்பது நம் கருத்து.

1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாநிலத்தில், ஏழைக் கறுப்பினச் சிறார்க்காக நடந்துவந்த பைனி உட்ஸ் பள்ளி, நிதி திரட்டும் பொருட்டு மாணவியர் குழு ஒன்றை அமைத்தது. 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆப் ரிதம்' என்பது அதன் பெயர். அவர்கள் வாசித்தது ராக் அன்று. அதற்கு மூத்ததான ஜாஸ். 1941இல் பள்ளியைவிட்டுத் தனித்து இயங்கத் தொடங்கிய பின்னர் வெள்ளை இனப் பெண்களும் அதில் சேர்ந்தனர். இரு நிறத்தாரும் கலந்து பழகுவதைத் தென்மாநிலச் சட்டங்கள் தடுத்திருந்த காலம் அது. ஆகவே வெள்ளைப் பெண்கள் முகத்தில் கருநிறம் பூசிக்கொண்டு மேடையேறினர். விடுதிகளில் இடம் கிடையாதாகையால், உணவும் உறக்கமும் பயணம் செய்த பேருந்திலேயே. 1945இல் ஐரோப்பாவுக்குச் சென்று அங்கிருந்த கறுப்பினப் படைவீரர்க்கு வாசித்துத் திரும்பினர். 1949இல் குழு கலைந்தது. அதன்பின் பல்லாண்டுகள் அவர்களைப் பற்றிப் பேசுவாரில்லை.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1963இல் நான்கு இளம்பெண்கள் 'லிவர்பேர்ட்ஸ்' என்னும் குழுவைத் தொடங்கினர். பீட்டில்ஸ் குழுவினரைக் கேவர்ன் கிளப்பில் கண்டு அவர்களுக்கு இவ்வாசை பிறந்தது. வாசிக்கக் கற்பதற்கு முன்னரே கருவிகளை வாங்கிவிட்டார்கள் என்பதிலிருந்து ஆசையின் அளவை அறியலாம். கன்னியாஸ்திரீயாக எண்ணியிருந்த ஒருவரும் அவர்களுள் இருந்தார். பெண்கள் கிட்டார் வாசிப்பதில்லை என்று ஜான் லெனன் தங்களிடம் சொன்னதாகப் பிற்காலத்தில் அவர்களே நினைவுகூர்ந்திருக்கின்றனர். அந்தச் சொல்லே அவர்களுக்கு உரமாயிற்று. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள ஸ்டார் கிளப்பில் அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு, சொந்த நாட்டில் கிடைத்ததைவிடப் பன்மடங்கு பெரிது. 1968இல் ஜப்பான் சுற்றுப்பயணத்துடன் குழு முடிவுற்றது. அப்பயணத்துக்கு நால்வரும் செல்லவில்லை. ஒருவர் கருவுற்றிருந்தார். மற்றொருவருக்குக் கணவராகவிருந்தவர் கார் விபத்தில் சிக்கி நடக்கவியலாதவரானார். அவரையே மணந்து, 26 ஆண்டுகள் உடனிருந்து பேணினார் அப்பெண்மணி. ஆடவர் குழுக்களின் வரலாற்றில் இவ்வகையான முடிவுகளை நாம் அதிகம் படித்ததில்லை.

அமெரிக்காவில் 1970இல் முதல் இசைத்தட்டுத் தொகுப்பை வெளியிட்ட 'பேனி' குழுவில், மணிலாவில் பிறந்த சகோதரியர் இருவர் இருந்தனர். அவர்களையும் உலகம் விரைவில் மறந்தது. 1975இல் 'ரனவேஸ்' தோன்றிற்று. 'கோ-கோஸ்' குழுவினரே 1982இல், தாமே இயற்றித் தாமே வாசித்த பாடல்களைக் கொண்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் எய்திய முதல் மகளிர் குழுவாயினர்.

ஜப்பானின் கதை சற்றே வேறு. அங்கே இம்மறதியை எதிர்த்து ஒரு விழாவே எழுந்தது. 'ஷோ-யா' என்னும் ஐவர் கொண்ட குழு, பெண்கள் மட்டுமே மேடையேறும் திருவிழாவை 1987இல் டோக்கியோவின் ஹிபியாப் பூங்கா திறந்தவெளி அரங்கில் தொடங்கியது. விழாவின் பெயர் 'நாவோன் நோ யாவோன்'. 'யாவோன்' என்பது திறந்தவெளி அரங்குக்கு வழங்கும் சுருக்கப் பெயர். 'ஓன்னா' என்றால் பெண். அச்சொல்லைத் தலைகீழாக்கினால் 'நாவோன்' வரும். இசைத்தொழில் புரிவோர் சொற்களைத் தலைகீழாக்கிப் பேசுவது அந்நாட்டு வழக்கம். வழக்கத்தையே புரட்டிப்போட வந்த விழாவுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமையாது. 1991க்குப் பின் தடைப்பட்ட விழா, 2008இல் புத்துயிர் பெற்றது.

அந்நகரில் நாம் பயின்ற காலத்தில், ஓர் ஏப்ரல் 29ஆம் நாள் இவ்விழாவுக்குச் சென்றிருந்தோம். 1923இல் திறக்கப்பெற்ற அவ்வரங்கு அன்று ஏறத்தாழ மூவாயிரம் பேர் அமரத்தக்கதாக இருந்தது, கூரை இருக்கவில்லை. சுற்றிலும் அரசாங்க அலுவலகக் கட்டடங்கள் ஓங்கி நின்றன. உள்ளே எழும் ஓசை வேலியைக் கடந்து பூங்காவெங்கும் பரவியது. ராக் இசை நம் செவிக்குப் பழகியதன்று. முதல் அரைமணி நேரம் நமக்குத் தலைவலியே மிஞ்சியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் கண் பழகிய பின்னரே காது பழகியது. ஒரு குழு இறங்கி மறு குழு ஏறும் இடைவேளையில், பெண்களே சுருதி கூட்டிக்கொண்டும், டிரம்களின் ஆணிகளை முடுக்கிக்கொண்டும், கம்பிச்சுருள்களைத் தூக்கிக்கொண்டும் நடமாடியதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களில் இருபது வயதினரும் உண்டு, ஐம்பதைக் கடந்தோரும் உண்டு. பள்ளிச் சீருடை போன்ற ஆடை புனைந்த சிறுமியர் குழுவொன்று வாசித்து முடித்ததும், மூத்த கலைஞர் ஒருவர் வந்து அவர்களில் டிரம் வாசித்த பெண்ணின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அரங்கம் அதிர்ந்தது.

எமக்கு அடுத்த இருக்கையில் ஓர் அம்மையார் தம் மகளுடன் அமர்ந்திருந்தார். எமது அரைகுறை ஜப்பானிய மொழியைப் பொறுத்துக்கொண்டு அவர் உரையாடினார். 1987இல் நடந்த முதல் விழாவுக்குக் கல்லூரித் தோழியர் மூவருடன் வந்திருந்தாராம். நால்வருமாக ஒரு குழு வைத்திருந்தனர். டிரம் இவர் பங்கு. பிறகு ஒவ்வொருவராக மணமாகிச் சென்றனர். வாடகை வீட்டில் டிரம்முக்கு இடம் ஏது? விற்றுவிட்டார். குச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மகளுக்கு இச்செய்தி அன்றுவரை தெரியாது போலும். அவள் தாயை ஏறிட்டுப் பார்த்தாள். இறுதியில் எல்லாக் குழுவினரும் ஒருங்கே மேடையேறி வாசித்தபோது, அம்மையாரின் இரு கைகளும் முழங்கால்மீது தாளம் பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தன.

ஜப்பானிய மகளிர் குழுக்களில் பெரும்புகழ் எய்தியது 'பிரின்ஸஸ் பிரின்ஸஸ்'. 1989இல் புடோகான் அரங்கில் தனிக்கச்சேரி நடத்திய முதல் மகளிர் குழு அதுவே. அவ்வாண்டு அவர்களது 'டைமண்ட்ஸ்' பாடல் பத்து இலட்சம் பிரதிகளுக்குமேல் விற்றது. 1996இல் கலைந்த அக்குழு, 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் கடற்கோளுக்கும் பின்னர், 2012ஆம் ஆண்டுக்கு மட்டும் மீண்டும் கூடியது. ஈட்டிய வருவாயில் 50 கோடி யென்னுக்கு மேல் மீட்புப் பணிக்கு அளித்தனர். பேரிடரால் துயருற்ற ஸெண்டாய் நகரில் எழுந்த புதிய இசையரங்கை 2016இல் அவர்களே வாசித்துத் தொடங்கிவைத்தனர்.

நம் நாட்டுச் செய்தியையும் இங்கே குறிக்கவேண்டும். ஸ்ரீநகரில் பள்ளி மாணவியர் மூவர் 'பிரகாஷ்' என்னும் ராக் குழுவை அமைத்து, 2012 டிசம்பரில் நடந்த போட்டியில் பரிசும் பெற்றனர். அடுத்த சில வாரங்களில் இணையத்தின் வழி வசைகளும் மிரட்டல்களும் குவிந்தன. சமயத் தலைவர் ஒருவரும் கண்டித்தார். 2013 பிப்ரவரியில் குழுவைக் கலைத்துவிட்டனர். அவர்கள் பொதுமேடையில் வாசித்தது அந்த ஒரு முறைதான்.

நம்மவருள்ளும் ஒருவர் உண்டு. மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால், திருவல்லிக்கேணியில் ஹரிஹர சர்மா நடத்திய தாளவாத்தியப் பள்ளியில் கடம் கற்க விரும்பினார். பெண்ணின் கைகளுக்குக் கடம் கடினம் என்று விக்கு விநாயக்ராம் முதலில் தயங்கினார். தந்தையாகிய சர்மாவோ இடம் கொடுத்தார். பிற்காலத்தில், பெண் கடம் வாசிக்கும் மேடையில் தாம் அமர்வதில்லை என மறுத்த மிருதங்க வித்துவான்களும் இருந்தனர். அவர் பெங்களூரில் குடியேறி, மகளிர் மட்டுமே வாசிக்கும் 'ஸ்த்ரீ தால் தரங்க்' குழுவை அமைத்தார். வெவ்வேறு சுருதியில் அமைந்த பல கடங்களைத் தம்மைச் சுற்றி வைத்துக்கொண்டு, நடுவில் அமர்ந்து அவர் வாசிப்பார்.