ரயிலில் தொலைந்த பொருள்: புகாரும் மீட்பும்

ரயில் பயணத்தில் விலையுயர்ந்த பொருளை இழந்தவர் செய்யும் புகாரின் பலன், அது தவறியதா திருடுபோனதா என்பதைத் தொடக்கத்திலேயே சரியாகச் சொல்வதைப் பொறுத்தது. இருக்கையில் மறந்துவைத்த பையைத் தேடி எடுத்து ஒப்படைப்பது மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை. திருட்டு வழக்கைப் பதிந்து விசாரிப்பது மாநில அரசின் ரயில்வே போலீஸ். மறந்துவிட்ட பொருளுக்கு நேரமே உயிர். பெங்களூரு போன்ற கடைசி நிலையத்தில் பயணிகள் இறங்கியதும் பெட்டிகள் சுத்தம் செய்யப் பணிமனைக்குப் போய்விடும். அதற்குள் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்து, பி.என்.ஆர். எண், பெட்டி, படுக்கை எண், பொருள் இருந்தது படுக்கைக்கு அடியிலா வலைப்பையிலா என்பது வரை சொல்லிவிட வேண்டும். பாதுகாப்புக்கெனத் தனியாக இருந்த 182 என்ற எண்ணும் 2021-இல் இதோடு இணைந்துவிட்டது.

திருட்டில் சிக்கல் வேறு. சென்னையிலிருந்து பெங்களூரு வரும் ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டி, ஆந்திரத்தின் குப்பம் வழியாகச் சென்று, பங்காருப்பேட்டைக்கு முன்பு கர்நாடகத்துக்குள் நுழைகிறது. மூன்று மாநிலங்களின் போலீஸ் எல்லைகள். தூங்கிக்கொண்டிருந்தவருக்குச் சங்கிலி எங்கே அறுக்கப்பட்டது என்று எப்படித் தெரியும்? ‘எங்கள் எல்லையில் நடக்கவில்லை’ என்று இனி எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறது. மின்னணு வழியிலும் தரலாம். அப்படித் தந்தால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். ஓடும் ரயிலிலேயே டிக்கெட் பரிசோதகரிடம் புகார்ப் படிவம் கேட்டு வாங்கலாம். பொருளைக் கடைசியாகப் பார்த்தது எந்த நிலையத்துக்கு முன் என்ற ஒரு வரி, விசாரணையைப் பெருமளவு சுருக்கும்.

இழப்பீடு கிடைக்காதபோது புகார் எதற்கு என்பார்கள். ரயில்வே சட்டம் 1989-இன் 100-ஆவது பிரிவுப்படி, முன்பதிந்து ரசீது பெறாத கைச்சுமைக்கு, ரயில்வேயின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் இழப்பீடு. இடுப்பில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாயை இழந்த பயணியின் வழக்கில், அத்திருட்டு ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு தொட்டது பணப் பொறுப்பை மட்டுமே. பொருளைத் தேடும் போலீஸின் கடமையை அது குறைக்கவில்லை. இழந்த கைபேசியை அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் முடக்கவும் புகார் நகல் தேவை.

திருட்டு என்று சொன்னால் அலைச்சல், ‘தொலைந்தது’ என்று எழுதினால் சுலபம் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது: வழக்கில் மீட்ட நகை நீதிமன்ற அனுமதியோடுதான் கைக்கு வரும், கண்டெடுத்த பையை அடையாளம் காட்டிக் கையெழுத்திட்டே வாங்கிவிடலாம். கர்நாடகப் போலீஸின் ‘இ-லாஸ்ட்’ பதிவும் எளிதுதான். ஆனால் அது தொலைந்ததற்கான சான்று மட்டுமே. திருட்டைத் தொலைந்ததாக எழுதிக்கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். இல்லை; எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் திருடனைத் தேடும் விசாரணையும் இல்லை.