சுப்ரா விரித்த சந்தை

உணவுக்கு முன் நம் வீடுகளில் விரிக்கப்படும் துணியையும் பாயையும் ‘சுப்ரா’ என்கிறோம். அரபியில் ‘ஸுஃப்ரா’ என வழங்கும் இச்சொல், பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ என்பதோடு ஒரே வேரில் பிறந்தது. வழிப்போக்கனுக்காக ஆயத்தம் செய்யப்படும் உணவு என்பதே பழைய அகராதிகள் இதற்குத் தரும் முதற்பொருள். அவ்வுணவைக் கட்டி எடுத்துச் சென்ற வட்டத் தோலுக்கு அப்பெயர் பின்னர் ஆகிவந்தது. தோலை விரித்து அதன்மேலேயே உண்டதால் விரிப்புக்கும் அதுவே பெயராயிற்று. ஆக, வீட்டுக்குள் வருமுன் சுப்ரா தெருவில் இருந்தது. ஒரு நகரத்தின் உணவிடங்களைப் பற்றி எழுதப் புகுவோர் இதை மறவாதிருத்தல் நன்று.

திருச்சிராப்பள்ளியில் அத்தகைய வழிப்போக்கரின் இடம் காந்தி மார்க்கெட். 1868இல் ஏற்பட்டு 1927இல் விரிவாக்கப்பட்ட இச்சந்தை, உண்மையில் இரவில்தான் விழித்திருக்கிறது. ஒட்டன்சத்திரத்துக் காய்களும், நீலகிரியின் கேரட்டும், பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும், காவிரிக்கரையின் வாழைத்தாரும் இலைக்கட்டும் ஊர் உறங்கிய பின்னர் வந்து இறங்குகின்றன. விடிவதற்குள் மொத்த வியாபாரம் முடிந்துவிடும். லாரி ஓட்டுநர், சுமை தூக்குவோர், மண்டிக் கணக்கர், சிற்றூரிலிருந்து கொள்முதலுக்கு வந்த சில்லறை வியாபாரி ஆகிய இவர்கள் யாருக்கும் பக்கத்தில் வீடில்லை. இரவு இரண்டு மணிக்குப் பசிக்கிறது. சந்தையைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளும் இட்லிக் கடைகளும் புரோட்டாக் கல்லும் பிரியாணிச் சட்டியும் இந்தப் பசியால் உண்டானவை. சுவைக்காக மக்கள் தேடிவந்ததெல்லாம் பிற்காலத்துக் கதை.

இப்பகுதியில் வழிப்போக்கனுக்குச் சோறிடும் வழக்கம் சந்தையைவிட மிகப் பழையது. நடந்து செல்லும் தொலைவில் நத்ஹர் வலி (ரஹ்) அவர்களின் தர்கா இருக்கிறது. ஷாம் நாட்டிலிருந்து வந்த அரச குலத்தவர் என மரபு கூறும் இப்பெரியாரின் பெயரால் நவாபு காலத்தில் இவ்வூரே நத்ஹர் நகர் எனப்பட்டது. 1752இல் கொல்லப்பட்ட சந்தா சாகிபும், அவரோடு ஆற்காட்டு ஆட்சிக்காகப் பொருதி வென்று 1795இல் மறைந்த நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் அடங்கியிருப்பது இதே வளாகத்தில்தான். உயிரோடு இருந்தவரை ஒரு சுப்ராவில் அமர்ந்திருக்கவியலாத இருவர்! இறைநேசர்களின் அடக்கத்தலங்களில் ஏழைக்கும் பயணிக்கும் உணவளிக்கும் இடத்தைப் பாரசீகத்தில் ‘லங்கர்’ என்பர். அச்சொல்லுக்கு நங்கூரம் என்றும் பொருளுண்டு. உண்ண வந்தவரின் குலத்தையும் சமயத்தையும் அங்கே யாரும் வினவுவதில்லை. ரமளானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு நிற்கும் மாற்றுச் சமயச் சிறுவர்களை அறியாதவர் தமிழகத்தில் யார்?

இதன் அருமை, பந்தி பிரித்த காலத்தை நினைத்தால்தான் விளங்கும். 14ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் பயணம் செய்த இப்னு பதூதா, அங்குள்ள பிற சமயத்தவர் முஸ்லிம்களைத் தம் வீட்டுக்குள் விடுவதில்லை என்றும், தம் பாத்திரத்தில் உண்ணவும் இசைவதில்லை என்றும் எழுதிவைத்தார். முஸ்லிம்கள் வசிக்காத ஊரில் அவர்களே சமைத்து வாழையிலையில் சோறிட்டுக் குழம்பும் ஊற்றுவார்களாம். சோறு உண்டு, உடன் அமர்தல் இல்லை. நம் காலத்துக்கு நெருங்கி வந்தாலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. காந்தி மார்க்கெட்டை ஒட்டியுள்ள வரகனேரியில் 1881இல் பிறந்தவர் வ.வே.சு. ஐயர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த அறிஞர். விடுதலைக்காகத் துன்பம் ஏற்றவர். அவர் சேரன்மாதேவியில் 1922இல் தொடங்கிய குருகுலம் இரண்டு பிராமணச் சிறுவர்களின் தனிப்பந்தியால் குலைந்தது. பெற்றோர் வற்புறுத்தலுக்காகவே அச்சலுகை என்றார் ஐயர். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை ஏற்கவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு சூன் மாதத்திலேயே அருவியில் சிக்கிய மகளைக் காக்க முயன்று உயிர் நீத்தார். அத்தகைய மனிதரையும் ஒரு பந்திப் பிரச்சினை வீழ்த்தியது என்பது நம்மை இன்றும் வருந்தச் செய்கிறது.

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி உணவறைகள் இருந்தன. எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் அவ்வேறுபாடு நீங்கியது. உணவகப் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருத்தலாகாது எனப் பெரியார் 1957இல் சென்னையில் கிளர்ச்சி நடத்தினார். 2012இல் ஸ்ரீரங்கத்து உணவகம் ஒன்றின் பலகையில் அதே சொல் தோன்றி மீண்டும் எதிர்ப்பை எழுப்பியது.

சந்தைப்புறத்து முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு இப்படிப் பிரிக்க மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. வாணிபத்திலும் அதற்கு இடமில்லை. நீண்ட மேசை, இருபுறமும் பெஞ்சு. காசு கொடுத்தவன் காலியான இடத்தில் உட்கார வேண்டியதுதான். மண்டி முதலாளியின் தோளைச் சுமை தூக்குபவரின் தோள் இடிக்கும். இதைச் சமூகப் புரட்சி என்று மிகைப்படுத்த நாம் விரும்பவில்லை. சந்தைப் பெண்கள் அந்தப் பெஞ்சுகளில் அரிதாகவே அமர்ந்தனர். காய்க் குவியலுக்குப் பக்கத்திலேயே தூக்குப்பாத்திரத்தைத் திறந்து உண்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம், சேர்ந்து உண்பதிலும் தனித்து உண்பதிலும் குற்றமில்லை என அறிவிக்கிறது. கினானாக் குலத்தின் ஒரு கிளையார் துணைக்கு ஆள் கிடைக்காவிடில் பசியோடே இருந்துவிடுவார்கள் என்றும், அந்த இடுக்கண் தீரவே இச்சலுகை என்றும் விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். தனித்து உண்பதையே பாவமெனக் கருதிய மக்களுக்குத் தரப்பட்ட சலுகை அது. கீழைக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் நால்வரோ ஐவரோ ஒரே தாலத்தைச் சுற்றி அமரும் ‘சஹன்’ முறை இன்றும் உண்டு. அரபியில் ‘ஸஹ்ன்’ என்பது பெருந்தட்டையும் குறிக்கும். பள்ளிவாசலின் திறந்த முற்றத்தையும் குறிக்கும். ஆனால் நம் திருமணங்களில் இப்போது பிரமுகர்களுக்கெனத் திரையிட்ட தனிக்கூடம் அமைக்கிறார்களே, அதற்கு எந்தக் கிதாபில் இடம் தேடுவது?

திருச்சிக்கு வரும் நண்பர்கள், எங்கே உண்ணலாம் என்று நம்மிடம் கேட்பதுண்டு. காலையெனில் காவிரியைக் கடந்து திருவானைக்காவுக்கு அனுப்புகிறோம். 1943 முதல் இயங்கும் பார்த்தசாரதி விலாஸின் நெய் ரோஸ்ட் அவ்வளவு புகழ் பெற்றது. அங்கே பக்கத்தில் அமர்பவர் எவர் என்று இன்று யாரும் பார்ப்பதில்லை. இரவெனில் காந்தி மார்க்கெட்டுத் தெருக்களுக்கே போகச் சொல்கிறோம். பெயர்ப்பலகையைத் தேடவேண்டாம், சுமை இறக்கியவர்கள் கூட்டமாக இருக்கும் கடையில் புரோட்டாவும் சூடாக இருக்கும், தால்சாவும் தீர்ந்திராது.

நெரிசலைக் காரணங்காட்டி மொத்த வணிகத்தைக் கள்ளிக்குடிக்கு மாற்ற முயன்றபோது வணிகர்கள் இசையவில்லை. 2020களில் பஞ்சப்பூரில் புதிய காய்கறிச் சந்தை அமைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. லாரிகள் அங்கே திரும்புமானால் பெஞ்சுக் கடைகளும் அவற்றின் பின்னே போக வேண்டிவரும். இரவு இரண்டு மணிக்கு மூட்டை இறக்கியவர் உட்கார்ந்து உண்ண அங்கே இடம் ஒதுக்கப்படுகிறதா என்பதை, கடைகளின் வாடகையைப் பேசும்போதே வணிகர் சங்கங்கள் கேட்டுவைக்கலாம்.