ரைட்டுல ஒடிங்க மேடம்

சில வருஷங்களுக்கு முன்னால், கார்களுக்கான பார்க்கிங் மென்பொருள் எழுதும் ஒரு குழுவில் இருந்தேன். பம்பரில் இருக்கும் சென்சார்கள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். இடம் போதுமா, ஸ்டீயரிங்கை எப்போது எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை எங்கள் நிரல் சொல்லும். இந்த மாதிரி வேலையில் ஆவணங்களில் ஒரு கற்பனைப் பயனர் வருவார். ஹைவேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் பெயர் ராகுல். மால் பார்க்கிங்கில் வண்டியை உள்ளே நுழைக்கத் திணறுகிறவர் பெயர் பிரியா. ஒரு ஆவணத்திலும் ராகுல் திணறியதில்லை. பிரியா என்று பெயர் வைத்தது நான்தான். யோசித்து வைக்கவில்லை, கை தானாக டைப் செய்தது.

இத்தனைக்கும் எனக்கு ரிவர்ஸ் சரியாக வராது. சங்ககிரியில் லாரி ஓட்டிய அப்பா, பதினெட்டு வயதில் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தும் அரைகுறைதான். என்னைவிட நாலு வயது மூத்த அக்காவை அவர் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. அவள் கல்யாணத்துக்கு அப்புறம் ஈரோட்டில் காசு கட்டிக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் இன்னோவாவைச் சந்துக்குள் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுக்கிற ஒரே ஆள் அவள்தான். அப்படியும் என் கை பிரியா என்றுதான் டைப் செய்தது.

இந்தத் 'தானாக' எங்கிருந்து வந்திருக்கும் என்று தேடப்போய், லண்டன் பஸ்ஸில் வந்து நின்றேன். லண்டனை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. அங்கே ஒரே ஊரில், ஒரே வேலைக்கு, அரை நூற்றாண்டுக்கு மேல் பெண்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் காலத்துக்குள் பஸ் என்கிற இயந்திரமே ஆளை அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. எது மாறியது, எது மாறவில்லை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் உலகப் போருக்கு முன் லண்டனில் ஓடியது பி-டைப் பஸ். 1910இல் வந்தது. இரண்டு தட்டு, 34 இருக்கை, மேல்தட்டுக்குக் கூரை கிடையாது. ஓட்டுநருக்கு முன்னால் கண்ணாடிகூட இல்லை, மழையும் பனியும் நேராக முகத்தில் அடிக்கும். எஞ்சினைக் கிளப்ப முன்னால் நின்று ஹேண்டில் போட வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். இதை ஓட்டத் தோள்பலம் வேண்டும் என்று ஒருவர் அன்று சொல்லியிருந்தால் எனக்கு அதில் பெரிய சண்டை இல்லை. எல்லா ஆணிடமும் அந்தத் தோள் இருந்ததா என்று மட்டும் கேட்பேன்.

போர் வந்ததும் பி-டைப்களில் சுமார் 900 வண்டிகள் படைவீரர்களை ஏற்றிச்செல்லப் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போயின. கூடவே ஓட்டுநர்களும் போனார்கள். ஊரில் ஆள் இல்லை. 1915-16இல் பெண்கள் கண்டக்டர்களாக எடுக்கப்பட்டார்கள். டிக்கெட் கொடுக்கலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம், குடிகாரர்களைச் சமாளிக்கலாம். ஓட்டுநர் இருக்கை மட்டும் கிடையாது.

அதே நேரத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். 1916 ஜனவரி 1 முதல், பிரான்சின் கலே நகரத்தில், ஃபேனி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பெண்கள் படை, காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கான ஆம்புலன்ஸ்களை ஓட்டியது. ராணுவமே ஒப்புக்கொண்ட வேலை. விமானத்திலிருந்து குண்டு விழுகிற இரவுகளிலும் ஓட்டினார்கள், அதற்காகச் சிலர் பதக்கமும் வாங்கினார்கள். குளிரில் உறைந்த எஞ்சினுக்கு அவர்களும் ஹேண்டில்தான் போட்டார்கள். அவ்வளவு தூரம் ஏன், கிளாஸ்கோவில் பெண்கள் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கலேயிலும் கிளாஸ்கோவிலும் இருந்த தோள் லண்டனுக்கு வந்ததும் எப்படி இளைத்துப்போனது என்பதற்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை.

1918 ஆகஸ்டில், ஆண்களுக்குத் தரப்பட்ட வாரம் 5 ஷில்லிங் போர்க்கால போனஸ் தங்களுக்கு இல்லை என்றதும் லண்டன் பஸ், டிராம் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போனஸ் கிடைத்தது. அடுத்த வருஷம் ஆண்கள் போரிலிருந்து திரும்பினார்கள், பஸ்ஸிலிருந்து பெண்கள் இறக்கப்பட்டார்கள்.

நடுவில் ஹேண்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. 1912இலேயே அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம் சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டரைக் கார்களில் பொருத்திவிட்டது. அதுவரை ஹேண்டில் போட வேண்டாத மின்சாரக் கார்தான் 'பெண்களின் கார்'. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா வைத்திருந்ததுகூட டெட்ராய்ட் எலக்ட்ரிக் காரைத்தான், கணவர் உற்பத்தி செய்து குவித்த மாடல் டி-யை அல்ல. ஸ்டார்ட்டரும் பெண்களுக்கான வசதி என்றே பேசப்பட்டது. பிறகு எல்லா ஆண்களும் சத்தமில்லாமல் அதற்கு மாறிக்கொண்டார்கள். இன்றைக்கு ஹேண்டில் போடத் தெரியாததால் தன் ஆண்மை குறைந்துவிட்டதாக யாரும் வருத்தப்படுவதில்லை. ஆட்டோமேட்டிக் கியருக்கும் இதே கதைதான். "அதெல்லாம் லேடீஸ் வண்டிடா" என்று என்னிடம் சொன்ன நண்பன், பெங்களூரு டிராபிக்கில் இப்போது எதை ஓட்டுகிறான் என்று எனக்குத் தெரியும்.

மறுபடியும் லண்டன். இரண்டாம் உலகப் போர், மறுபடியும் பெண் கண்டக்டர்கள். இந்த முறை இன்னொரு வேலையும் தந்தார்கள். பயணிகள் இல்லாத காலி பஸ்களை ஒரு டெப்போவிலிருந்து இன்னொரு டெப்போவுக்கு ஓட்டிப்போய் விடுவது. இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்றைய கிண்டல் முழுக்க, பெண்ணுக்கு நேராக ஓட்ட வரும், ஓரங்கட்டி நிறுத்த வராது என்பதுதானே? அன்று கொடுக்கப்பட்டதோ டெப்போவில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலை. சாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற வேலைதான் மறுக்கப்பட்டது. 1945இல் பட்டத்து இளவரசி எலிசபெத் ராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்து லாரி ஓட்டவும் பழுதுபார்க்கவும் பயின்றார். அவர் டயர் மாற்றும் படங்கள் உலகமெங்கும் போயின. அந்த வருஷம் அவருடைய குடிமகள் ஒருத்தியால் லண்டன் தெருவில் பயணிகளோடு ஒரு பஸ்ஸை ஓட்ட முடியாது.

1956இல் ரூட்மாஸ்டர் வந்தது. எஞ்சினியராக எனக்கு இந்த இடம்தான் முக்கியம். ரூட்மாஸ்டரில் பவர் ஸ்டீயரிங் உண்டு, ஆட்டோமேட்டிக் கியரும் உண்டு. ஓட்டுநரின் வேலையை எளிதாக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்த வண்டி. தோள்பலம் என்ற வாதம் அன்றைக்கே டெப்போ வாசலில் இறங்கிப் போயிருக்க வேண்டும். இறங்கவில்லை. இன்னும் 18 வருஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. நிர்வாகம் மட்டும் அதைக் கட்டிக்காக்கவில்லை, தொழிற்சங்கத்து ஆண்களும் சேர்ந்துதான். ஓட்டுநருக்குக் கண்டக்டரைவிடச் சம்பளம் அதிகம் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1974 ஜூனில் ஜில் வைனர் என்ற 22 வயதுப் பெண், நார்பிட்டன் டெப்போவிலிருந்து 65ஆம் தடத்தில் பயணிகளோடு பஸ்ஸை எடுத்தார். லண்டனில் அவர்தான் முதல். அடுத்த வருஷம் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது.

இன்னொரு நாட்டில் காரணம் தோளிலிருந்து கருப்பைக்கு இடம் மாறியது. 1930களில் டிராக்டர் ஓட்டிய பாஷா ஆஞ்செலினாவைக் கொண்டாடித் தீர்த்தது சோவியத் அரசு. அதன் வாரிசான ரஷ்யா 2000இல் வெளியிட்ட பட்டியல், பெண்கள் செய்யக்கூடாத வேலைகள் என்று 456ஐச் சொன்னது. இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட லாரி ஓட்டுவதும் அதில் ஒன்று. காரணம், தாய்மைக்குப் பாதுகாப்பாம். 2021இல்தான் லாரிக்கான அந்தத் தடை விலகியது.

நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1989இல் அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்தது. குமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி 1993இல் அரசு பஸ் ஓட்டுநரானார். தமிழ்நாட்டின் முதல் பெண் பஸ் ஓட்டுநர். பவர் ஸ்டீயரிங் பரவலாகாத காலம் அது. அவர் ஓட்டினார், வருஷக்கணக்காக ஓட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை வந்திருக்க வேண்டும். இன்றைக்கும் ஒரு பெண் பஸ் ஓட்டினால் அது செய்தி. வண்டியில் பிரச்சினை இருந்திருந்தால் இந்நேரம் தீர்ந்திருக்கும்.

தோள் போன பிறகு இப்போது மூளையைச் சொல்கிறார்கள், இடத்தை அளக்கிற திறன் குறைவாம். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழகத்தில் நிஜக் காரை வைத்துச் சோதித்தார்கள். சராசரியாக ஆண்கள் வேகமாகவும் கொஞ்சம் துல்லியமாகவும் நிறுத்தினார்கள், உண்மைதான். அந்த ஆய்வின் மறுபாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு. பழகாத ஓட்டுநர்களிடம், மனதுக்குள் உருவங்களைச் சுழற்றிப் பார்க்கும் திறனோடு பார்க்கிங் ஒத்துப்போனது. பழகியவர்களிடமோ, தன்னால் முடியும் என்று அவர்கள் தங்களைப் பற்றி நினைத்துக்கொண்டதோடு ஒத்துப்போனது. 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் வெளியிட்ட சிமுலேட்டர் ஆய்வு இன்னும் கலக்கம் தருவது. பெண்கள் மோசமான ஓட்டுநர்கள் என்ற பேச்சை முதலில் நினைவூட்டிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். நினைவூட்டப்படாத பெண்களைவிட, திடீரென ரோட்டைக் கடப்பவர்மீது இவர்கள் மோதும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்தது.

பெரிய வண்டியை ரிவர்ஸ் எடுப்பது ஒரு ஆளின் வேலை என்று நினைப்பதே தப்பு. லாரி ஷெட்டில் வளர்ந்தவனுக்கு இது தெரியும். பின்னால் கிளீனர் நிற்பார். பாடியில் தட்டிக்கொண்டே, "வரலாம் வரலாம்... ரைட்டுல ஒடி... ஹோல்டான்!" என்பார். முப்பது வருஷ அனுபவமுள்ள டிரைவருக்கும் அந்தத் தட்டல் வேண்டும். அதை யாரும் டிரைவரின் குறை என்று சொன்னதில்லை, தொழில்முறை என்றுதான் சொல்வார்கள். என் அபார்ட்மென்டில் செக்யூரிட்டி அண்ணன், பெண் ஓட்டும் வண்டி என்றால் மட்டும் ஓடிவந்து, "ரைட்டுல ஒடிங்க மேடம்" என்பார். அதே வார்த்தைதான். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பக்கத்துத் தூணை இரண்டு முறை இடித்த எனக்காக அவர் நாற்காலியிலிருந்து எழுந்ததே இல்லை.

போன பொங்கலுக்கு ஊரில் எல்லோரும் கூடியிருந்தோம். அக்கா இன்னோவாவைச் சந்துக்குள் எடுத்தாள். அப்பாவுக்கு இப்போது முட்டி வலி. இருந்தும் எழுந்துபோய்ப் பின்னால் நின்று, பழக்க தோஷத்தில் பாடியில் தட்டினார். "வரலாம்... வரலாம்..." அவளும் அதைக் கேட்டே எடுத்தாள்.

சாப்பிடும்போது கேட்டேன். "ஏம்ப்பா, எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க, அக்காவுக்கு ஏன் சொல்லித் தரல?"

அப்பா யோசித்துவிட்டு, "அவ எங்க கேட்டா?" என்றார்.

சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள். "மூணு வாட்டி கேட்டேன்ப்பா. கடைசி வாட்டி கிளீனர் அண்ணன்கூட அங்கதான் நின்னுட்டு இருந்தாரு."